ஒத்திவைத்த பழுது

பிறர் பயன்படுத்திய பொருளை விலைக்கு வாங்குவோர் அப்பொருளோடு அதன் பழுதுகளையும் சேர்த்தே வாங்குகின்றனர். இஃது எவரும் அறிந்ததே. ஆனால் முன்னவர் கவனியாது விட்ட பழுதுக்கு, வாங்கியவர் எந்த நாளிலிருந்து பொறுப்பாளி ஆகிறார்? பழுது இருப்பதை அறிந்த பின்னும் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திவைத்தால், அந்த இடைவெளியில் நேர்வது யாருடைய வினை? இவ்வினாக்கள் ஏடுகளைப் படித்து எழுந்தவை அல்ல. பதினோராண்டு ஓடிய ஒரு காரை எங்கள் இல்லத்தில் வாங்கியதால் எழுந்தவை. நம் சமூகத்து இல்லங்கள் பலவற்றின் வாசலிலும் இத்தகைய கார் இன்று நிற்பதால், நடந்ததை மறைக்காமல் எழுதுவதே முறை என்று கருதினோம்.

எம் கணவர் இதய நோயாளி. 2022-ஆம் ஆண்டில் வந்தவாசியிலிருந்து வேலூர் மருத்துவமனைக்கு மாதம் இருமுறை அவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்தில் மாறி மாறி ஏறி இறங்க அவரால் இயலவில்லை. வாடகைக் காருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்த எங்கள் மகன், அவ்வாண்டு பங்குனியில், 2011-இல் பதிவான ஒரு சிறிய பெட்ரோல் காரை 1,60,000 ரூபாய்க்கு விலை பேசி முடித்தான். மீட்டர் 1,38,000 கி.மீ. காட்டியது. மீட்டரைத் திருப்பி வைத்து விற்போர் உண்டாதலால், எண்ணை மட்டும் நம்பாமல் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக் காட்டினோம். அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங் எங்கே வழுவழுப்பாகியிருக்கிறது, ஓட்டுநர் இருக்கை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, "மீட்டர் பொய் சொல்லலைங்க டீச்சர்" என்றார். அவர் எம்மிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர். கணக்கில் அவ்வளவு சூட்டிகை இல்லை. ஆனால் கை வேலையில் அன்றே கெட்டிக்காரர்.

காலண்டர்த் தாளின் பின்புறத்தில் அவர் எழுதித் தந்த பட்டியல் இன்றும் எங்களிடம் உள்ளது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை. உடனே மாற்ற வேண்டும், 6,500 ரூபாய். ஏ.சி. கம்ப்ரசர் பழுது, 15,000. பின்சக்கரம் ஒன்றில் பிரேக்கின் வீல் சிலிண்டர் கசிகிறது. இரு பக்கமும் சிலிண்டர், பிரேக் ஷூ, புதிய பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து 4,800. டயர்கள் பழையவை, நான்குக்கும் 14,000. காரின் விலை போக எங்கள் கையில் இருந்தது 25,000 ரூபாய்.

நாங்கள் மூவரும் அமர்ந்து யோசித்தோம். பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்று மெக்கானிக் கூறியிருந்தார். அது மெய்தான். எஞ்சினின் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதாமல் முறை பிசகாது இயங்குவதற்குரிய பட்டை அது. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு நாள் அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அவ்வாறு அறுந்தால் வால்வுகள் வளைந்து, காரின் விலையில் பாதி செலவாகும். ஆதலால் அதனை மாற்றினோம். ஏ.சி. இன்றிக் கோடை வெயிலில் இதய நோயாளியை அழைத்துச் செல்வது எவ்வாறு? அதனையும் செய்தோம். மீதி 3,500 இருந்தது. அதில் 2,800 ரூபாய்க்கு இருக்கை உறைகள் வாங்கினோம். ஏன் வாங்கினோம் என்று இன்று கேட்டால் விடை கூற இயலவில்லை. பழைய உறைகள் கிழிந்திருந்தன, அவ்வளவே. பிரேக்கைப் பற்றி மெக்கானிக் சொன்னது இது: "பிடிக்குதுங்க டீச்சர். ஆனா முழுசாப் பிடிக்கலை. ஒரு மாசத்துக்குள்ள பண்ணிடணும்." அவர் கூறிய இரண்டு செய்திகளில் "பிடிக்குது" என்பதை நாங்கள் வைத்துக்கொண்டோம். மற்றதை அடுத்த மாத ஓய்வூதியத்தின் மேல் போட்டோம்.

சித்திரையில் உறவினர் இல்லத் திருமணச் செலவு வந்தது. வைகாசியில் ஜினாலயத் திருவிழாவுக்கு எங்கள் பங்காக 5,000 ரூபாய் கொடுத்தோம். கொடுத்தது தவறு என்று கூறவில்லை. எந்தப் பணத்தைக் கொடுத்தோம் என்பது மட்டுமே கேள்வி.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, ஆரணியைக் கடந்து கண்ணமங்கலம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். மகன் ஓட்டினான். வேகம் ஐம்பதுக்கு மேல் இராது. ஆடுகள் சாலையைக் கடந்து முடிந்துவிட்டன என்று தோன்றியபோது பின்தங்கிய குட்டி ஒன்று துள்ளி வந்தது. மகன் பிரேக்கை முழுவதும் மிதித்தான். கார் நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. தாய் ஆடு திரும்பி வந்து குட்டியை முகர்ந்தது. அதைக் காரின் உள்ளிருந்தே பார்த்தோம். கதவைத் திறந்து இறங்கச் சற்று நேரம் ஆயிற்று.

ஆடு மேய்த்த அம்மையார் எம் வயதினர். அழுதார், பின் எங்களைத் தேற்றினார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, குட்டி குறுக்கால ஓடுச்சு" என்றார். மகன் 4,000 ரூபாய் கொடுத்தான். அவர் எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். நாங்கள் புறப்பட்டோம். எங்கள் பிரேக் சரியில்லை என்று அவரிடம் நாங்கள் ஒருவரும் கூறவில்லை. குட்டி இறந்ததைக் காட்டிலும் இந்த மௌனமே எம்மை நெடுநாள் உறங்கவிடாமல் செய்தது. அவர் தந்த மன்னிப்பு உண்மையை அறியாமல் தந்தது. அதை அறிந்தே வாங்கிக்கொண்டோம்.

அன்று மாலையே வேலூரில் ஒரு பட்டறையில் பிரேக் வேலையைச் செய்துகொண்டோம். பணம் எப்படியோ வந்தது! பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியபோது கசிந்த ஆயில் ஷூவை நனைத்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

எம் கணவர் சூரியன் மறைந்த பின் உண்ணாதவர். வடிகட்டாத நீரைப் பருகாதவர். அவர் கூறியது இது: "நல்ல பிரேக்கா இருந்திருந்தாலும் அடிபட்டிருக்கலாம். நாம அடிக்கணும்னு நினைக்கலையே." இவ்விரண்டும் மெய்யே. ஐம்பது கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு கால் மிதிக்கும் முன்னரே அத்தொலைவு கழிந்துவிடும். எனவே குட்டி தப்பியிருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. அவ்வாறாயின் எங்கள் மேல் குற்றம் உண்டா, இல்லையா?

பொன்னூர் மலையோடு நாம் நினைவில் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், பிரவசனசாரத்தில் இதற்கு விடை வைத்துள்ளார். உயிர் இறப்பினும் இறவாதொழியினும், கவனமற்று ஒழுகுவோனுக்கு இம்சை உண்டு. விழிப்போடு ஒழுகுவோனுக்கு, அவனை மீறி உயிர் ஒன்று மடிந்ததனால் மட்டும் வினைக்கட்டு இல்லை என்பது அவர் கருத்து. துறவியரின் நடைக்காக உரைத்ததாயினும் இல்லறத்தார்க்கும் இது பொருந்தும். கவனமின்மைக்கு அவர்கள் வழங்கிய சொல் பிரமாதம். இன்று நாம் சாப்பாடு பிரமாதம், பாட்டுப் பிரமாதம் என்கிறோம். ஒரு சொல் இவ்வளவு தூரம் தடம் மாறியதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இக்கருத்தின்படி எங்கள் குற்றம் ஆனி மாதத்துச் சாலையில் நிகழ்ந்ததன்று. பங்குனியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், இருக்கை உறைகளுக்குப் பணம் எண்ணியபோதே நிகழ்ந்துவிட்டது. இடையே நான்கைந்து முறை வேலூர் சென்று எவ்வுயிர்க்கும் ஊறின்றித் திரும்பினோமே, அப்போதெல்லாம் இருந்ததும் இதே குற்றந்தான்.

கல்லூரியில் தத்துவம் பயிற்றும் எங்கள் தங்கை மகளிடம் இதைக் கூறியபோது, அவள் தாமஸ் நேகல் என்னும் அமெரிக்க அறிஞரைப் பற்றி எடுத்துரைத்தாள். 1979-இல் வெளிவந்த 'மார்ட்டல் குவெஸ்சன்ஸ்' என்னும் நூலில் அவர் எடுத்தாளும் எடுத்துக்காட்டு, வியப்பாக, பிரேக்கைச் சோதிக்காத ஒரு லாரி ஓட்டுநரே. அந்தக் கவனக்குறைவால் ஒரு குழந்தை இறந்தால் அவன் தன்னைக் கொடிதாக நொந்துகொள்வான். அதே கவனக்குறைவோடு ஓட்டி, குழந்தை எதுவும் எதிர்ப்படாமல் வீடு சேர்ந்தவன் தன்னை அவ்வளவு நொந்துகொள்ள மாட்டான். இருவர் செய்த தவறும் ஒன்றே. வேறுபட்டது அவர்கள் கையில் இல்லாத ஒன்று. இதை 'ஒழுக்கத்தில் தற்செயல்' என்று தமிழில் கூறலாம். தற்செயலுக்காக ஒருவரைக் கூடுதலாகப் பழிப்பது நியாயமன்று என அறிவு சொல்கிறது. ஆயினும் நம்மால் அவ்வாறு பழிக்காமல் இருக்க முடியவில்லை. அம்முரணை அவர் முடிச்சவிழ்க்காமலே விட்டுவிடுகிறார்.

ஆசாரியர் வாக்கே சரியானது என்று எமக்குப் படுகிறது. எனினும் நேகல் கூறும் சங்கடமும் பொய்யன்று. குட்டி வராத பயணங்களில் நாங்கள் உறங்கினோம் அல்லவா? உறக்கம் கெட்டது குட்டி வந்த பிறகுதான். மனிதர் மனம் ஆசாரியரைக் கேட்டு நடப்பதில்லை. ஆட்டுக்குட்டியைக் கேட்டே நடக்கிறது.

முன்னவர் விட்ட பழுது என்னும் சாக்குக்கு வருவோம். 1989-இல் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றோம். பொறுப்பு ஒப்படைப்பின்போது தளவாடப் பதிவேட்டில் மேசை, நாற்காலி, மணி, உலகப்படம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையொப்பம் இட வேண்டும். மூன்றாம் வகுப்பறையின் உத்திரம் ஒன்று கரையான் அரித்திருந்தது. "அது எப்பவும் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் முன்னவர். கையொப்பம் இட்டோம். மறுமாதம் ஆய்வுக்கு வந்த அலுவலர் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். எத்தனை ஆண்டாக அப்படி உள்ளது என்று அவர் கேட்கவில்லை. அதன்கீழ் எத்தனை பிள்ளைகள் அமர்கிறார்கள் என்று கேட்டார். அன்றே வகுப்பை மரத்தடிக்கு மாற்றினோம்.

மோட்டார் வாகனச் சட்டமும் அந்த அலுவலரைப் போலவே பேசுகிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, பிறர்க்கு ஆபத்து விளைவிக்கும் குறையுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. குறை ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கூட இல்லை; சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியது என்றாலே போதும். யார் காலத்தில் வந்த குறை என்று சட்டம் வினவவில்லை. அதே சட்டத்தின் 146-ஆம் பிரிவு மற்றொரு பாடம். நம் காருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடு எடுப்பதும் எடுக்காததும் நம் விருப்பம். ஆனால் நம் காரால் பிறர்க்கு நேரும் தீங்குக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்; அஃதின்றிச் சாலையில் ஓட்டக் கூடாது. உன் நட்டம் உன் பாடு, பிறர் உடம்பு உன் பாடன்று என்பதுதானே இதன் பொருள்? நாங்கள் பட்டியலில் செய்தது இதற்கு நேர் எதிர். பெல்ட் எங்கள் பணப்பையைக் காத்தது. ஏ.சி. எங்களவரைக் காத்தது. சாலையில் எதிர்ப்படும் முகமறியா உயிர்களைக் காக்க இருந்தது பிரேக் ஒன்றே. பட்டியலில் விலை குறைந்ததும் அதுவே.

அதன் பிறகு அந்தக் காலண்டர்த் தாளை மீண்டும் எடுத்து வைத்தோம். எது பழையது, எது விலை மிகுந்தது என்று பாராமல், இது தவறினால் யார் துன்புறுவர் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் எழுதினோம். விமானங்களைப் பராமரிப்போர் இம்முறையை நெடுநாள் முன்னரே கண்டறிந்துள்ளனர் என்பது பின்னர்த் தெரிய வந்தது. அமெரிக்காவின் யுனைட்டெட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் என்னும் இருவர் 1978-இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கையில், தாங்கள் ஆராய்ந்த உறுப்புகளில் 11 விழுக்காடு மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் இயல்புடையவை என்றும், எஞ்சிய 89 விழுக்காட்டை இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கணக்கிட்டு மாற்றுவதால் பயனில்லை என்றும் காட்டினர். எதை எப்போது மாற்றுவது என்பதை அந்தப் பழுதின் விளைவைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றனர். உயிர்க்கு ஆபத்தான விளைவு முதலில். பணச்செலவு மட்டும் உண்டாக்கும் விளைவு பின்னர்.

இதனால் எங்களுக்கு ஒரு நிம்மதியும் கிடைத்தது. பழைய காரை வாங்கிய சிலர் அதைப் புதுக் காராக்கிவிட முனைந்து, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் மாற்றி, வாங்கிய விலைக்கு மேல் கொட்டுவதைக் கண்டுள்ளோம். அதுவும் ஒருவகைப் பற்றே. எங்கள் காரின் கதவில் நீளமான கீறல் உண்டு. பின்கண்ணாடி ஒன்று ஏறி இறங்கச் சண்டித்தனம் செய்யும். அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அவற்றால் எவ்வுயிர்க்கும் துன்பமில்லை.

டயர் அப்படியன்று. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். எங்கள் டயர்களில் 2313 என்று இருந்தது. 2013-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தவை. முன்னவர் அதிகம் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த நாட்களில், தேயாமலே ரப்பர் வெடித்துவிட்டிருந்தது. பள்ளங்கள் ஆழமாக இருந்ததால் நல்ல டயர் என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஆடியில் இரண்டு, ஐப்பசியில் இரண்டு என்று மாற்றினோம். பிரேக் ஆயிலும் அவ்வாறே கண்ணை ஏமாற்றுவது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் வகைக்குரிய தர அளவின்படி, புதிய ஆயில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140 பாகை மட்டுமே. மலைச்சாலை இறக்கத்தில் இடைவிடாது மிதிக்கும்போது உள்ளே கொதித்துக் குமிழி உண்டானால் மிதி கீழே போகும், சக்கரம் நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்கின்றனர். செலவு சில நூறு ரூபாய்.

எஞ்சின் ஆயில் மாற்றும்போது வடிக்கும் கறுப்பு எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் கேட்கக் கற்றுக்கொண்டோம். முதல்முறை கேட்டபோது பட்டறைப் பையன் பின்புறத்து மண்ணைக் காட்டினான். அங்கே புல் முளைக்கவில்லை, எறும்பும் இல்லை. இப்போது எங்கள் மெக்கானிக் அதை டிரம்மில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்கிச் செல்வோரிடம் கொடுக்கிறார். டீச்சர் தொல்லை தாங்கவில்லை என்று மற்ற வாடிக்கையாளரிடம் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

இவையெல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, கி.மீ., செய்த வேலை, செலவு என்று கோடிட்டு எழுதி வருகிறோம். பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை. நோட்டின் முதற் பக்கத்தில் பங்குனிப் பட்டியல் அப்படியே படியெடுக்கப்பட்டுள்ளது. ஆனி மாதத்துக்கு எதிரில், பிரேக் வேலைக்கு மேலே, ஆட்டுக்குட்டியும் ஒரு வரியாக உள்ளது.

எம் கணவர் இப்போது நலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலூர் சென்றால் போதும். பதிவுச் சான்று பதினைந்தாண்டுக்குத்தான். அது முடியும் காலமும் நெருங்கியதால் காரை விற்றுவிடலாம் என்று மகன் முடிவு செய்தான். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வே பழைய கார்ச் சந்தையைக் கெடுக்கிறது என்று ஜார்ஜ் அகெர்லாப் என்னும் பொருளியலறிஞர் 1970-இல் எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றார். நாம் வாங்கியபோது நமக்குச் சொல்ல ஒருவருமில்லை என்று நொந்துகொண்ட நாங்கள், இப்போது சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறோம்.

சென்ற வாரம் ஓர் இளந்தம்பதியர் காரைப் பார்க்க வந்தனர். கைக்குழந்தை இருந்தது. நோட்டை அவர்கள் கையில் கொடுக்குமுன் எம் கணவர் எம்மைத் தனியே அழைத்து, "ஆட்டுக்குட்டி இருக்கற பக்கமும் வேணுமா? அதைக் கிழிச்சிட்டுக் குடுக்கலாமே" என்றார். விலைக்காக அன்று, அவருக்கு அந்த வரியைப் பிறர் படிப்பதே பொறுக்கவில்லை. அந்தப் பக்கத்தில்தான் வீல் சிலிண்டர் மாற்றிய தேதியும் இருக்கிறது என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவரே நோட்டை வாங்கிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி முதலிலிருந்து படித்தாள். ஆனி மாதத்தில் சற்று நின்றாள். பிறகு கணவனிடம் காட்டினாள். பின் சக்கர பிரேக்கை இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வந்து பேசுகிறோம் என்று கூறி, எண்ணை எழுதிக்கொண்டு சென்றனர். இன்னும் அழைக்கவில்லை.